இரண்டு ஸ்டேஜ் அமோனியா பிளான்ட்டில் நடு பிரஷரை யார் முடிவு செய்கிறார்கள்?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு ஸ்டேஜ் அமோனியா பிளான்ட் ஒன்றில், அதாவது அமோனியா ஆவியை இரண்டு படியாக அமுக்கிக் குளிர்ச்சி தரும் பிளான்ட்டில், புதிதாக ஷிப்ட் பார்க்கிறீர்கள். லோ சைடு (அமோனியா கொதித்துக் குளிர்ச்சி தரும் பக்கம்) கேஜ் 0.3 பார் வேக்குவம் காட்டுகிறது, இன்டர்கூலர் (இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவே ஆவியைக் குளிர்விக்கும் பாத்திரம்) கேஜ் 1.9 பார், கண்டென்சர் (ஆவி மறுபடி லிக்விடாகும் இடம்) கேஜ் 12.5 பார். அமோனியாவின் பிரஷர்-டெம்பரேச்சர் அட்டவணையில் பார்த்தால் இவை மைனஸ் 40, மைனஸ் 10, பிளஸ் 35 டிகிரி செல்சியஸ் என்று வருகின்றன. ஆனால் பூஸ்டர் (கீழ் ஸ்டேஜ் கம்ப்ரசர்) அமுக்கிய ஆவி வெளியேறும் டிஸ்சார்ஜ் பைப்பில் பிரஷர் 1.9 இருக்கும்போதே தெர்மாமீட்டர் 80 டிகிரி காட்டுகிறது. இன்டர்கூலருக்குள் இருக்கும் காயிலிலிருந்து (லிக்விட் குளிர்ந்து போகும் சுருள் குழாய்) வெளியே வரும் லிக்விட் மைனஸ் 5 டிகிரி, அங்கே பிரஷரோ 12 பாருக்கு மேல். அட்டவணையை நம்புவதா, தெர்மாமீட்டரை நம்புவதா என்பது உங்கள் முதல் கேள்வி. நடு பிரஷரை, அதாவது இன்டர்கூலர் பிரஷரை, மைனஸ் 10-இல் வைக்கச் சொல்கிறார் சூப்பர்வைசர், ஆனால் திருகுவதற்கு அப்படி ஒரு வால்வே இல்லையே என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் உண்டு. தொழில்முறைக் குளிரூட்டலில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது கேள்விதான் பெரியது.

முதல் கேள்விக்கு நேரான பதில்: அட்டவணையும் சரி, தெர்மாமீட்டரும் சரி. லிக்விடும் ஆவியும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும்போது மட்டுமே அந்த அட்டவணை செல்லும். அமோனியா கொதித்து அறையைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரின் உள்ளே, லிக்விட் பாதி நிற்கும் இன்டர்கூலர் பாத்திரத்தில், ஆவி லிக்விடாக மாறிக்கொண்டிருக்கும் கண்டென்சர் குழாயில் எல்லாம் பிரஷர் தெரிந்தால் டெம்பரேச்சர் தானாகவே தெரிந்துவிடும். இதைத்தான் சாச்சுரேஷன் என்கிறோம். கம்ப்ரசரின் டிஸ்சார்ஜ் பைப்பில் வெறும் ஆவிதான் இருக்கிறது, தொட்டுக்கொள்ள லிக்விட் இல்லை. அதனால் அங்கே பிரஷரும் டெம்பரேச்சரும் தனித்தனி ஆட்கள். 1.9 பாரில் 80 டிகிரி என்றால் அது கொதிநிலையைவிட 90 டிகிரி கூடுதலாகச் சூடேறிய ஆவி, அதாவது 90 டிகிரி சூப்பர்ஹீட். காயிலை விட்டு வரும் லிக்விட் இதற்கு நேர் எதிர். அங்கே வெறும் லிக்விட்தான், ஆவி இல்லை. 35 டிகிரியில் லிக்விடானதை அதே பிரஷரிலேயே மைனஸ் 5 வரை குளிர்வித்திருக்கிறார்கள், அதாவது 40 டிகிரி சப்கூலிங். கேஜ் கண்டென்சரின் பிரஷரைச் சொல்கிறது, தெர்மாமீட்டர் இன்டர்கூலரின் வேலையைச் சொல்கிறது.

ஆகவே பிளான்ட்டில் ஓர் எண்ணைப் படிப்பதற்கு முன் கேட்க வேண்டியது: இந்த இடத்தில் இரண்டும் சேர்ந்து இருக்கிறதா, ஒன்று மட்டும் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அட்டவணையை எடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அட்டவணை தரும் டெம்பரேச்சரை அடிக்கோடாக வைத்துக்கொண்டு, தெர்மாமீட்டர் அதற்கு எத்தனை டிகிரி மேலே, எத்தனை டிகிரி கீழே என்று கணக்குப் போடுங்கள். அந்த வித்தியாசம்தான் உங்களுக்குத் தேவையான தகவல்.

அடுத்து, கேஜ் காட்டும் எண்ணுக்கும் முழு அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். விகிதம் போடும்போதும் சூத்திரத்தில் வைக்கும்போதும் அதோடு காற்றழுத்தத்தைக் கூட்டியாக வேண்டும். கடல் மட்டத்தில் அது 1.013 பார். உங்கள் மூன்று எண்களும் அப்படிக் கூட்டினால் சுமார் 0.72, 2.9, 13.5 பார் என்று ஆகின்றன. அமோனியா வெளிக்காற்றின் அழுத்தத்தில் மைனஸ் 33.3 டிகிரியில் கொதிக்கும். அதைவிடக் குளிராக எவாப்பரேட்டரை ஓட்டினால் லோ சைடு கட்டாயம் வேக்குவத்துக்குப் போகும், அது கோளாறு அல்ல. ஆனால் உங்கள் பிளான்ட் உயரமான இடத்தில் இருந்தால் கவனியுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 0.8 பார்தான். அங்கே அதே 0.3 பார் வேக்குவம் என்றால் முழு அழுத்தம் 0.5 பார், கொதிநிலை மைனஸ் 46-ஐ ஒட்டி. கேஜ் முகப்பிலேயே அச்சடித்திருக்கும் டெம்பரேச்சர் வட்டம் கடல் மட்டத்துக்குப் போட்டது. வேக்குவம் பக்கம் அதை அப்படியே நம்பக் கூடாது.

இன்னொன்று, கேஜ் கொஞ்சம் தப்பாகக் காட்டினால் வரும் பிழை மூன்று இடத்திலும் ஒரே அளவு இல்லை. மைனஸ் 40-ஐச் சுற்றி ஒரு டிகிரிக்கு பிரஷர் 0.04 பாருக்கும் குறைவாகத்தான் மாறுகிறது. 35 டிகிரியில் ஒரு டிகிரிக்கு 0.4 பார் அளவுக்கு மாறுகிறது. அதனால் 0.05 பார் பிழை கண்டென்சரில் யாருக்கும் தெரியாது, லோ சைடில் அது ஒன்றேகால் டிகிரிக்கு மேல். லோ சைடு கேஜை மட்டுமாவது நல்ல தரத்தில், அளவீடு சரிபார்த்ததாக வைத்திருங்கள். அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால் உள்குழாய் எஃகாலானதாக இருக்க வேண்டும். கேஜுக்குப் போகும் சிறு குழாயில் எண்ணெய் கெட்டியாகி அடைத்திருந்தால் முள் மெதுவாக நகரும், சில சமயம் பழைய எண்ணிலேயே நிற்கும். கம்ப்ரசர் லோட் மாறும்போது முள் கூடவே அசைகிறதா என்று பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு ஸ்டேஜ் எதற்கு என்பதையும் எண்ணோடு சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதற்கு இது வேண்டும். 0.72 பாரிலிருந்து 13.5 பாருக்கு ஒரே மூச்சில் அமுக்கினால் விகிதம் ஏறக்குறைய 19. இழப்பே இல்லாத கணக்கில்கூட டிஸ்சார்ஜ் 170 டிகிரியைத் தாண்டுகிறது. உண்மையான கம்ப்ரசரில் இன்னும் மேலே போகும். அந்தச் சூட்டில் எண்ணெய் கருகும், டிஸ்சார்ஜ் வால்வில் கரி படியும். பிஸ்டன் கம்ப்ரசராக இருந்தால் சிலிண்டர் மேல்பக்கம் மிஞ்சும் ஆவியே மறுபடி விரிந்து இடத்தை அடைத்துக்கொள்வதால் புதிதாக உறிஞ்சுவதும் குறைந்துவிடும். இரண்டாகப் பிரித்தால் கீழே விகிதம் 4-ஐ ஒட்டி, மேலே நாலரையை ஒட்டி. கணக்குப்படி பூஸ்டர் டிஸ்சார்ஜ் 50 டிகிரி, மேல் ஸ்டேஜ் டிஸ்சார்ஜ் 100 டிகிரி சுற்றி நிற்கும். உங்கள் பூஸ்டரில் 80 வருவதற்குக் காரணம், கம்ப்ரசர் கணக்குப் போல் இழப்பில்லாமல் ஓடுவதில்லை, அது உறிஞ்சும் சக்‌ஷன் ஆவியும் பைப்பில் வரும் வழியில் கொஞ்சம் சூடாகிவிடுகிறது. பிஸ்டன் பூஸ்டருக்கு 80 என்பது இயல்பான எண்தான்.

இன்னொரு ஆதாயம் லிக்விட் பக்கம். 35 டிகிரி லிக்விடை நேராக மைனஸ் 40 பிரஷருக்கு விட்டால், அதில் கால் பங்கு வால்வைத் தாண்டியதும் ஆவியாகிவிடும். அந்த ஃபிளாஷ் கேஸ் எந்தக் குளிர்ச்சியும் தராமல் பூஸ்டருக்குள் போகும், அதையும் அமுக்கித் தூக்க வேண்டும். உங்கள் பிளான்ட்டில் லிக்விட் மைனஸ் 5 வரை குளிர்ந்து வருவதால் இந்தப் பங்கு 11 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கிறது. மீதிக் குளிர்விப்பை மேல் ஸ்டேஜ் கம்ப்ரசர் குறைந்த செலவில் செய்துகொடுக்கிறது. இழப்பில்லாத கணக்கில் மட்டும் பார்த்தாலே ஒரே ஸ்டேஜைவிட 10 முதல் 15 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகும். உண்மையான கம்ப்ரசரில் வித்தியாசம் இன்னும் கூடும், காரணம் விகிதம் 19-இல் எந்தக் கம்ப்ரசரும் நன்றாக ஓடாது.

சரி, நடு பிரஷருக்கு வருவோம். இதை யாரும் செட் செய்வதில்லை, அது தானாக வந்து நிற்பது. ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து ஒரு பம்பு அதற்குள் தண்ணீர் ஏற்றுகிறது, இன்னொரு பம்பு அதிலிருந்து மேலே இறைக்கிறது. தண்ணீர் மட்டம் எங்கே நிற்கும் என்பது இரண்டு பம்பும் சேர்ந்து முடிவு செய்வது. பூஸ்டர் இன்டர்கூலருக்குள் ஆவியைத் தள்ளுகிறது. அந்த ஆவியின் சூட்டைத் தணிக்கவும், காயிலில் போகும் லிக்விடைக் குளிர்விக்கவும் பாத்திரத்துக்குள் இருக்கும் லிக்விட் கொதித்து இன்னும் ஆவி சேர்கிறது. இவை எல்லாவற்றையும் மேல் ஸ்டேஜ் கம்ப்ரசர் இழுக்க வேண்டும். உங்கள் எண்களுக்குக் கணக்குப் போட்டால், பூஸ்டர் ஒரு கிலோ தள்ளும்போது மேல் ஸ்டேஜ் சுமார் 1.4 கிலோ இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் பிரஷர் எதுவோ, அதுதான் நடு பிரஷர். மேல் ஸ்டேஜால் அவ்வளவும் இழுக்க முடியவில்லை என்றால் பிரஷர் ஏறும். ஏறும்போது ஆவி அடர்த்தியாகிறது, அதே கன அளவில் கூடுதல் கிலோ உள்ளே போகிறது, ஒரு புதிய இடத்தில் சமநிலை வந்து நிற்கும். மேல் ஸ்டேஜ் தேவைக்கு மேல் இழுத்தால் இதே கதை தலைகீழாக நடக்கும்.

இதிலிருந்தே கம்ப்ரசர் அளவுக்கும் காரணம் புரியும். மைனஸ் 40 ஆவி கிலோவுக்கு 1.55 கன மீட்டர் இடம் பிடிக்கிறது, மைனஸ் 10 ஆவி கிலோவுக்கு 0.42 கன மீட்டர்தான். 1.4 மடங்கு கிலோவைச் சேர்த்துப் பார்த்தாலும் மேல் ஸ்டேஜ் அடிக்க வேண்டிய கன அளவு பூஸ்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று வருகிறது. எட்டு சிலிண்டர் உள்ள ஒரே கம்ப்ரசரில் ஆறை லோ ஸ்டேஜுக்கும் இரண்டை ஹை ஸ்டேஜுக்கும் பிரித்து வைப்பது இந்தக் கணக்கை ஒட்டித்தான். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்ட ஒற்றை மெஷினாக இருந்தால், நடு பிரஷரை மைனஸ் 10-இல் வை என்று யார் சொன்னாலும் உங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. லோ ஸ்டேஜ் சிலிண்டர் சிலவற்றை அன்லோட் செய்தால், அதாவது அமுக்காமல் சும்மா ஓடவிட்டால், நடு பிரஷர் இறங்கும், கூடவே குளிர்ச்சியும் குறையும், அவ்வளவுதான். தனித்தனியாகப் பூஸ்டரும் ஹை ஸ்டேஜும் இருந்தால் நிலைமை வேறு. ஹை ஸ்டேஜ் கம்ப்ரசரின் லோடிங்கை அதன் சக்‌ஷன் பிரஷரைப் பார்த்து ஏறி இறங்கும்படி கன்ட்ரோலரில் வைத்திருப்பார்கள். சூப்பர்வைசர் சொல்லும் மைனஸ் 10 பெரும்பாலும் அந்த செட்பாயின்ட்டாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் தேடும் வால்வு அதுதான், கன்ட்ரோலர் திரையில் இருக்கிறது. இன்டர்கூலரிலிருந்தே வேறு சில அறைகளுக்கு மைனஸ் 10 லிக்விட் போகிறதா என்றும் பாருங்கள். போகிறது என்றால் நடு பிரஷரைப் பிடித்து வைத்தே ஆக வேண்டும், மின்சாரக் கணக்கு அங்கே இரண்டாம்பட்சம்.

அப்படி எந்த அறையும் இல்லை என்றால் நடு பிரஷர் எங்கே இருப்பது நல்லது? புத்தகங்களில் வரும் சூத்திரம்: கீழ் பிரஷரையும் மேல் பிரஷரையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. முழு அழுத்தத்தில்தான் போட வேண்டும். 0.72-ஐ 13.5-ஆல் பெருக்கினால் 9.7, அதன் வர்க்கமூலம் 3.1 பார், கொதிநிலை மைனஸ் 8 சுற்றி. உங்கள் 2.9 அதற்கு மிக அருகில் இருக்கிறது. இந்தச் சூத்திரம் எவ்வளவு தூரம் உறுதி என்றும் சொல்ல வேண்டும். நடுவில் வெறுமனே குளிர்வித்துவிட்டு அதே அளவு வாயுவை மறுபடி அமுக்கும் காற்றுக் கம்ப்ரசருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். அமோனியா பிளான்ட்டில் இன்டர்கூலரில் கூடுதல் ஆவி சேர்வதால் உண்மையான சிறந்த இடம் கொஞ்சம் மேலே தள்ளிப் போகும். சில டிகிரி கூட்டி எடுத்துக்கொள்ளும் வழக்கம் அதனால்தான். ஆனால் அந்தச் சிறந்த இடம் கூரான உச்சி அல்ல, தட்டையான மேடு. இரண்டு மூன்று டிகிரி அப்படி இப்படி இருந்தால் மின்சாரத்தில் தெரியவே தெரியாது. அதற்காகக் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டுவது நேர விரயம் என்பது என் கருத்து. நடு பிரஷரின் அளவைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எப்படி என்று சொல்கிறேன். சக்‌ஷன் பிரஷர் ஏறுகிறது, அறைகள் சூடாகின்றன என்று வையுங்கள். அதே நேரத்தில் நடு பிரஷர் இறங்கினால், பூஸ்டர் முன்பு தள்ளிய அளவு தள்ளவில்லை என்று அர்த்தம். வால்வு பிளேட் உடைந்திருக்கலாம், அன்லோடர் சிக்கியிருக்கலாம், ஒரு பூஸ்டர் நின்றே போயிருக்கலாம். சக்‌ஷனோடு நடு பிரஷரும் சேர்ந்து ஏறினால் இரண்டு வழி. குளிர்விக்க வேண்டிய லோட் கூடியிருக்கலாம், அல்லது ஹை ஸ்டேஜ் பலவீனமாகியிருக்கலாம். லோட் கூடியதென்றால் ஹை ஸ்டேஜ் மோட்டாரின் ஆம்பியரும் கூடும், கண்டென்சர் பிரஷரும் கொஞ்சம் ஏறும். ஹை ஸ்டேஜ் பலவீனமென்றால் கண்டென்சர் பிரஷர் அப்படியே நிற்கும் அல்லது சற்று இறங்கும். சிலிண்டர் வால்வு கசிவாக இருந்தால் டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர் வழக்கத்தைவிட எகிறும். மூன்று பிரஷரும் ஏறி, அதில் கண்டென்சர் பிரஷர் கொஞ்சமல்ல, பெரிதாகவே ஏறியிருந்தால் மேலேயிருந்து ஆரம்பியுங்கள், கண்டென்சர் பக்கம் பிரச்சினை இருக்கலாம். சக்‌ஷன் இறங்கி நடு பிரஷரும் இறங்கினால் பூஸ்டருக்கு ஆவியே வரவில்லை. எவாப்பரேட்டரில் பனி அடைத்திருக்கிறதா, லிக்விட் போகிறதா என்று பாருங்கள். ஒரு கேஜை மட்டும் பார்த்து இவற்றில் எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஷிப்டில் எழுதும்போது மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே வரியில் எழுதுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பத்து நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று எண்கள் ஒன்றோடொன்று பேசாது.

நடு பிரஷர் ஏற இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ரிசீவரில் (கண்டென்சரிலிருந்து வரும் லிக்விடைச் சேர்த்து வைக்கும் தொட்டி) லிக்விட் குறைந்தாலோ, இன்டர்கூலருக்கு லிக்விட் விடும் ஃப்ளோட் வால்வு (மிதவை வால்வு) மூடாமல் சிக்கி ரிசீவரைக் காலி செய்தாலோ, லிக்விடோடு கண்டென்சர் பக்கத்துச் சூடான கேஸும் உள்ளே புகும். ஹை ஸ்டேஜ் தான் அமுக்கி அனுப்பியதையே மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். ஆம்பியர் கூடும், வேலை நடக்காது. அந்த வால்வுக்கு அப்புறம் உள்ள பைப்பில் கேஸ் சீறும் சத்தம் விடாமல் கேட்டால் சந்தேகப்படலாம்.

நிறுத்தி வைத்த பிளான்ட்டை ஓட்டும்போதும் இதே கணக்குதான். லோ சைடு சூடாக இருக்கும்போது அதன் ஆவி அடர்த்தியாக இருக்கும். அப்போது பூஸ்டரை முதலில் ஓட்டினால் அது தள்ளும் கிலோவை ஹை ஸ்டேஜால் சமாளிக்க முடியாது. நடு பிரஷர் எகிறும், பூஸ்டர் மோட்டார் ட்ரிப் ஆகும். ஹை ஸ்டேஜை முதலில் ஓட்டி நடு பிரஷரை இறக்கிக்கொண்டு, பிறகு பூஸ்டரைப் பாதி லோடில் சேர்ப்பதுதான் முறை.

மேல் பிரஷர் கண்டென்சரும் வெளி வானிலையும் சேர்ந்து முடிவு செய்வது. தண்ணீர் தெளித்துக் காற்றால் குளிர்விக்கும் எவாப்பரேடிவ் கண்டென்சராக இருந்தால் காற்றின் வெட் பல்ப் டெம்பரேச்சருக்கு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது) மேல் சுமார் 10 டிகிரியில் நிற்பதை ஓரளவு எதிர்பார்க்கலாம். எத்தனை டிகிரி என்பது கண்டென்சரின் அளவையும் அன்றைய லோடையும் பொறுத்தது. உங்கள் 35 அதிகமா இல்லையா என்று வெட் பல்ப் தெரியாமல் நான் சொல்லவே கூடாது. ஆனால் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். வேக்குவத்தில் ஓடும் பிளான்ட்டில் ஷாஃப்ட் சீல், வால்வு கிளாண்டு வழியாகக் காற்று உள்ளே போவது சகஜம். அந்தக் காற்று இரண்டு ஸ்டேஜையும் தாண்டி கண்டென்சரில் போய் மாட்டிக்கொள்ளும், லிக்விட் ஆகாது, அமோனியாவின் பிரஷரோடு தன் பிரஷரையும் கூட்டிவிடும். கண்டென்சரிலிருந்து இறங்கும் லிக்விட் 32 டிகிரி என்றால் அதற்குரிய முழு அழுத்தம் 12.4 பார். கேஜ் எண்ணோடு காற்றழுத்தத்தைக் கூட்டினால் 13.5 வருகிறது என்றால் மீதி 1.1 பார் காற்றாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஓடும் கண்டென்சரில் லிக்விட் கொஞ்சம் சப்கூல் ஆவதாலும் இந்த வித்தியாசம் வரும். கம்ப்ரசரை நிறுத்தி, கண்டென்சரின் ஃபேனும் தண்ணீரும் ஓடட்டும் என்று விட்டு, லிக்விட் டெம்பரேச்சரும் தண்ணீர் டெம்பரேச்சரும் ஒன்றாகும் வரை காத்திருந்து பாருங்கள். அப்போதும் பிரஷர் அட்டவணைக்கு மேலே நின்றால் அது காற்றுதான். பர்ஜர் என்ற, காற்றைப் பிரித்தெடுக்கும் கருவி வழியாக வெளியேற்றுங்கள். வால்வைத் திறந்து வெளிக்காற்றில் விடும் பழக்கம் ஆபத்தானது, அதைச் செய்ய வேண்டாம்.

கடைசியாக லோ சைடு, உங்கள் மைனஸ் 40. கேஜ் கம்ப்ரசர் சக்‌ஷனில் இருந்தால் எவாப்பரேட்டரின் உள்ளே மைனஸ் 40 இருக்காது, அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். பைப்பில் ஏற்படும் பிரஷர் இழப்பு 0.05 பார் என்றாலே ஒரு டிகிரிக்கு மேல் போய்விட்டது. லிக்விட் நிரம்பிய எவாப்பரேட்டராக இருந்தால் உயரமும் சேரும். ஒரு மீட்டர் உயர லிக்விட் அமோனியா அடியில் 0.07 பார் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். மைனஸ் 40-இல் அது கொதிநிலையை ஏறத்தாழ 1.7 டிகிரி உயர்த்தும். மைனஸ் 10-இல் அதே ஒரு மீட்டர் அரை டிகிரியைத்தான் உயர்த்தும். மிகக் குளிரான பக்கத்தில் சக்‌ஷன் பைப்பைப் பெரிதாகப் போடுவதும், லிக்விட் மட்டத்தை வீணாக ஏற்றி வைக்காமல் இருப்பதும் இதனால்தான். காற்றோடு ஈரமும் உள்ளே வந்திருந்தால் அது வேறு தொல்லை. தண்ணீர் கலந்த அமோனியா அதே பிரஷரில் கொஞ்சம் சூடாகக் கொதிக்கும், அட்டவணையோ சுத்தமான அமோனியாவுக்குப் போட்டது. தண்ணீர் பூஸ்டர் வழியாகத் தப்பிப் போவதில்லை, லோ சைடிலேயே சேர்ந்துகொண்டே இருக்கும். பாத்திரத்தில் லிக்விட் டெம்பரேச்சரும் அந்த இடத்து பிரஷரும் நிரந்தரமாக ஒத்துப்போகவில்லை, கேஜும் தெர்மாமீட்டரும் சரி என்றால், லிக்விட் சாம்பிள் எடுத்துத் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பயிற்சி பெற்றவர், உரிய முகமூடியோடும் கையுறையோடும்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவையும் கவனிக்கச் சொல்வது விலை பெரிது என்பதால். மைனஸ் 40-இல் ஓடும் பூஸ்டரை மைனஸ் 45-க்கு இறக்கினால் ஆவியின் அடர்த்தி குறைவதாலேயே அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். பைப்பிலும் கேஜிலும் தொலையும் ஒவ்வொரு டிகிரியையும் ஈடுகட்ட சக்‌ஷனை இன்னும் கீழே இறக்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் மேலே சொன்ன 80, 100 எல்லாம் பிஸ்டன் கம்ப்ரசருக்கு. ஸ்க்ரூ கம்ப்ரசரில் உள்ளே எண்ணெய் தெளிப்பதால் அமுக்கும் சூட்டில் பெரும் பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். அங்கே டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர் எண்ணெய் குளிர்விப்பு எப்படி நடக்கிறது என்பதைத்தான் சொல்லும். பிஸ்டன் ஹை ஸ்டேஜில் டிஸ்சார்ஜ் 120, 130-ஐத் தாண்டி நிலைத்து நின்றால் முதலில் அதன் சக்‌ஷன் டெம்பரேச்சரைப் பாருங்கள். மைனஸ் 10 பிரஷரில் சக்‌ஷன் பைப் பிளஸ் 10 காட்டினால் இன்டர்கூலரில் லிக்விட் மட்டம் குறைந்திருக்கிறது, பூஸ்டர் அனுப்பும் சூட்டை அது தணிக்கவில்லை. சக்‌ஷன் டெம்பரேச்சர் சரியாக இருந்து டிஸ்சார்ஜ் மட்டும் எகிறினால் வால்வு பிளேட்டைச் சந்தேகப்படுங்கள்.

உங்கள் மூன்று எண்களை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவு: மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, கவலைப்பட எதுவும் தெரியவில்லை. பிளான்ட் நன்றாக ஓடுகிறதா என்று சொல்ல இது போதாது. அதற்கு ஹை ஸ்டேஜின் சக்‌ஷன், டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர், கண்டென்சரிலிருந்து இறங்கும் லிக்விட் டெம்பரேச்சர், வெட் பல்ப், இரண்டு மோட்டாரின் ஆம்பியர், எத்தனை சிலிண்டர் லோடில் இருந்தன என்ற விவரம் வேண்டும். அறைகள் இப்போது போல் சீராக இருக்கும் ஒரு நாளில் இவற்றை எல்லாம் ஒரே நேரத்தில் எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு பிளான்ட்டின் எண்ணைவிட உங்கள் பிளான்ட் நன்றாக ஓடிய நாளின் எண்தான் பிறகு ஒப்பிட உதவும். அந்த விவரங்களோடு கேட்டால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.